தலைமடையில் நிற்பவருக்குக் கடைமடை தெரிவதில்லை

பயிற்சி வகுப்பு முடிந்த அன்று எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். நெல்லின் ஈரப்பதம் 16 சதவீதத்துக்கு வந்ததும் ட்ரையரை நிறுத்த வேண்டும். நெல்லை ஆறப்போட வேண்டும். அதற்குப் பிறகுதான் 14-க்கு இறக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் வைத்தேன், எழுத வராதவர்களிடம் வாயால் கேட்டேன். ஒருவர்கூடத் தவறவில்லை. நான்காம் நாள் காலை சல்லடையில் நிற்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு முறத்தை நீட்டினார்.

“பாப்பா, இன்னிக்கும் நொய்யாதான் கொட்டுது. நீயே வந்து பாரு.”

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். தரக் கட்டுப்பாட்டுக்கு வந்தவள். பிறகு வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பானது. ஆட்களுக்குத் தெரியவில்லை, தெரியவைத்தால் செய்வார்கள் என்று முதல் இரண்டு ஆண்டுகள் முழுமையாக நம்பினேன். அந்த நம்பிக்கை எப்படி மாறியது என்பதைத்தான் எழுத நினைத்தேன். சிறு ஆலை, பட்டறை, கடை நடத்துகிற யாருக்காவது உதவலாம்.

முதலில் அந்த 16 என்ற எண். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்து எடுக்கும்போது அதில் ஏறக்குறைய 35 சதவீதம் ஈரம் இருக்கும். அரைப்பதற்கு 14 வேண்டும். 35-லிருந்து 16, 18 வரைக்கும் சூடான காற்றில் வேகமாக இறக்கலாம், நெல் தாங்கிக்கொள்ளும். அதற்குக் கீழே ஒரே மூச்சில் இழுத்தால் மணியின் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அந்த இழுபறியில் மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். நடுவில் நிறுத்திச் சில மணி நேரம் ஆறவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே பரவிச் சமமாகும், கீறல் குறையும். கீறல் விழுந்த மணி ட்ரையரில் உடையாது. உமி நீக்கி, பாலிஷ் போட்டு, சல்லடைக்கு வரும்போதுதான் இரண்டாக, மூன்றாக உடைந்து நொய்யாக விழும். அதற்குள் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகியிருக்கும். முழு அரிசிக்கும் நொய்க்கும் இருக்கிற விலை வித்தியாசம் ஆலைக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலையில் நான் செய்தது இன்னொரு வகுப்பு. படம் போட்டு விளக்கினேன். கீறல் விழுந்த மணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வாரமும் நொய் குறையவில்லை. முதலாளி, “சொல்றத காதுலயே வாங்க மாட்டேங்கிறானுவ, ஆள மாத்திருவோம்” என்றார். எனக்கும் கோபம் இருந்தது. ஆனாலும் ட்ரையர் பார்க்கிற அண்ணன் 20 ஆண்டு வேலை தெரிந்தவர். அக்கறையில்லாத ஆள் என்று அவரைச் சொல்ல மனம் வரவில்லை.

திருச்சியில் உளவியல் படித்த என் தங்கையிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவள் கேட்டது ஒன்றுதான். “நிறுத்துனா அவருக்கு என்ன ஆவுது? நிறுத்தலன்னா என்ன ஆவுது? பாத்தியா?” பார்க்கவில்லை. மூன்று இரவு ஷிஃப்ட் ட்ரையர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பயிற்சி கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்று இப்போது எண்ணுகிறேன். சொல்லிக்கொடுக்கும் முன், அந்த வேலை நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பார்த்தது இது. ஈரம் அளக்கும் மீட்டர் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. விலை உயர்ந்த பொருள், தொலைந்துவிடக் கூடாது என்று பூட்டியிருந்தார்கள். இரவு 2 மணிக்கு அளக்க வேண்டுமென்றால் சூப்பர்வைசரை எழுப்ப வேண்டும். சூடான நெல்லை அப்படியே மீட்டரில் போட்டால் எண் தப்பாகக் காட்டும், தட்டில் பரப்பி ஆறவைக்க வேண்டும். அதற்குத் தட்டும் இல்லை, இடமும் இல்லை. இத்தனையும் தாண்டி அளந்து 16-இல் நிறுத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆறப்போடும் தொட்டி காலியாக இருக்காது. பின்னால் அவித்த நெல் தயாராகக் காத்திருக்கும். அதை நெடுநேரம் குவித்து வைத்தால் புளித்து வாடை வரும். பாய்லர் பக்கமிருந்து “என்னண்ணே, இன்னுமா எறங்கல? எங்க நெல்லு நாறப்போவுது!” என்று சத்தம் வரும். காலையில் எத்தனை லோடு இறங்கியது என்று முதலாளி கேட்பார். நொய் எவ்வளவு என்று ட்ரையர் அண்ணனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

நிறுத்தினால் உடனே திட்டு. நிறுத்தாவிட்டால் அன்றிரவு எந்தத் தொந்தரவும் இல்லை. நொய் விழுவது இரண்டு நாள் கழித்து, வேறு ஷிஃப்டில், வேறு ஒருவர் கையில்.

ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் தலைமடைக்காரர் மடையைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்துக்கொள்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் அவர் வயல் இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் நாற்று காய்வது அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. எங்கள் ஆலையில் ட்ரையர் தலைமடை, சல்லடை கடைமடை.

தன் செயலுக்கு உடனே கிடைக்கும் விளைவுதான் உயிர்களின் பழக்கத்தைச் செதுக்குகிறது என்பதைப் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்து அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் எழுதினார். தாமதமாக வரும் விளைவுக்கும், அடுத்தவருக்கு நேரும் விளைவுக்கும் அந்தப் பலம் கிடையாது. தாமஸ் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1978-இல் இதை வேலையிடத்துக்கு ஏற்ற ஒரு கட்டமாக வரைந்தார். ஆறு அறைகள். மூன்று, ஆளைச் சுற்றி இருப்பவை: செய்ய வேண்டியதும் செய்ததும் அவருக்குத் தெரிகிறதா, கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, சரியாகச் செய்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது. மற்ற மூன்று, ஆளுக்குள் இருப்பவை: அறிவு, திறன், ஆர்வம். முதலில் சுற்றியிருப்பதைச் சரிசெய்யுங்கள், பெரும்பாலான குறை அங்கேதான் இருக்கிறது, செலவும் அங்கேதான் குறைவு என்பது அவர் வாதம். நான் இரண்டு ஆண்டுகளாக ‘அறிவு’ என்ற ஒரே அறையைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

முதலாளியிடம் மூன்று காரியம் கேட்டேன். மீட்டர் ட்ரையர் மேடையில் இருக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது கைமாற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆறவைக்க நாலு அலுமினியத் தட்டு. அவிக்கிற வேகத்தை ஆறப்போடும் தொட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அதற்கு பாய்லர் அண்ணனும் ட்ரையர் அண்ணனும் ஷிஃப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் பேச வேண்டும். முதல் இரண்டுக்கு உடனே சம்மதித்தார். மூன்றாவதுக்கு “லோடு கொறையும்” என்றார். ஒரு வாரம் மட்டும் பார்ப்போம் என்று கெஞ்சி வாங்கினேன். ஆள் பற்றாத ஆலையில் மேலே இருப்பவரிடம் பெரிய திட்டம் கேட்காதீர்கள், ஒரு வாரம் கேளுங்கள். அது கிடைக்கும்.

நொய் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை. தொந்தரவு நீங்கியது, நிறுத்துவதற்கான காரணம் இன்னும் ட்ரையர் மேடைக்கு வந்து சேரவில்லை.

அப்போதுதான் தட்டு யோசனை வந்தது. ஒவ்வொரு லோடிலும் 100 கிராம் அரிசி எடுத்து, முழு அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் பிரித்து, வெள்ளைத் தட்டில் வைத்து, எந்த ட்ரையர், எந்த இரவு என்று சீட்டு எழுதி ட்ரையர் மேடையிலேயே வைக்கச் சொன்னேன். பிரித்துக் கொடுத்தது சல்லடை அக்கா. திட்டு இல்லை, பாராட்டு இல்லை, தட்டு மட்டும். முதல் நாள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தட்டு வருவதற்கு முன்பே, “என் தட்டு வந்துச்சா?” என்று கேட்டார்.

1960-களின் கடைசியில் எமரி ஏர் ஃபிரெய்ட் என்ற அமெரிக்க சரக்கு நிறுவனத்தில் இதே கதை நடந்தது. சின்னப் பொட்டலங்களைப் பெரிய கொள்கலனில் சேர்த்து அனுப்பினால் செலவு குறையும். தாங்கள் 90 சதவீதம் அப்படித்தான் செய்கிறோம் என்று வேலையாட்கள் நம்பினார்கள். எண்ணிப் பார்த்தால் 45. ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே குறித்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள், முன்னேற்றத்தைக் கவனித்துச் சொன்னார்கள். 95-க்கு ஏறியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணாதவரை எல்லாருக்கும் தான் சரியாகச் செய்வதாகத்தான் தோன்றும்.

ஆனால் எந்தக் கணக்கைக் காட்டினாலும் பலன் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை 1996-இல் க்ளூகரும் டெனிசியும் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் வேலை முன்பைவிட மோசமானது தெரிந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின் மேல் திரும்பும்போது அப்படி ஆகிறது. நாங்களும் ஒரு மாதம் அதைச் செய்தோம். எல்லாருடைய தட்டையும் வரிசையாக நுழைவாசலில் வைத்து, யார் முதல், யார் கடைசி என்று எழுதினோம். கடைசியில் வந்தவர் இளம் வயதுப் பையன். அவருக்கு ஈரம் அதிகமான குறுவை நெல் விழுந்ததுதான் காரணம். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அந்தப் பலகையை நானே கழற்றினேன், அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் அவர் அம்மாவிடமும் வருத்தம் தெரிவித்தேன். அதற்குப் பிறகு தட்டு அவரவர் மேடைக்கு மட்டும்தான்.

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் விடுப்பில் இருந்த வாரம், 16-இல் நிறுத்தாத லோடுக்கு 200 ரூபாய் பிடிப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். திரும்பி வந்தால் நொய் கூடியிருந்தது. கேட்டதற்கு ஒருவர் அமைதியாகச் சொன்னார்: “அதான் இருநூறு புடிச்சிட்டாங்களே.” அதுவரை தப்பு என்று உறுத்தியது இப்போது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் தூக்கமாகிவிட்டது. இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைக் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள் நீஸியும் ருஸ்டிகினியும். 2000-இல் வெளிவந்த அந்த ஆய்வில் தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் அது இறங்கவில்லை. எங்களிடம் இறங்க இரண்டு மாதம் ஆனது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ட்ரையர் அண்ணன் மீட்டரை நம்பவில்லை. நெல்லை எடுத்து உமியை நீக்கிக் கடித்துப் பார்ப்பார். “கடிச்சா சத்தம் சொல்லும் பாப்பா” என்பார். என் முன்னால் இருந்த பயிற்சியாளர்கள் அதை விடச் சொல்லியிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பிறகு மாற்றிக்கொண்டேன். முதலில் கடியுங்கள், எண்ணைச் சொல்லுங்கள், சிலேட்டில் எழுதுங்கள், அதற்குப் பிறகு மீட்டர் போடுங்கள், அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில். தொடக்கத்தில் 14, 15 பக்கம் அவர் கடி சரியாக இருந்தது, 16-லிருந்து 18 வரை தவறியது. ஏனென்றால் காய்ந்த நெல்லைத்தான் அவர் இத்தனை ஆண்டும் கடித்துப் பழகியிருக்கிறார். நிறுத்த வேண்டிய இடத்து நெல்லைக் கடித்ததே இல்லை. மூன்று வாரத்தில் அந்த இடைவெளி மூடியது. இப்போது மீட்டரில் பேட்டரி தீர்ந்தால்கூட அவர் சொல்லும் எண்ணை நம்பி நிறுத்தலாம்.

ஒரு விடையை முதலில் தானே தேடிச் சொல்லி, பிறகு சரிபார்ப்பவர் எளிதில் மறப்பதில்லை. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பாடத்தை மறுபடி படிக்கவைத்தார்கள், இன்னொரு பகுதியினரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வகுப்பு முடிந்த உடனே நான் வைத்த தேர்வு ஏன் என்னை ஏமாற்றியது என்பது அதைப் படித்தபோதுதான் விளங்கியது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்று காட்டியிருக்கிறார். இரண்டு நாள் முழு வகுப்பை நான் இப்போது நடத்துவதில்லை. ஷிஃப்ட் மாறும்போது, டீ வரும் நேரத்தில், நின்றபடியே ஐந்து நிமிடம். நான் சொல்வதில்லை, கேட்கிறேன். “நேத்து மழையில நனைஞ்ச நெல்லு வந்துச்சுல்ல, அத எப்படி இறக்குனீங்க?” ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். அதே கேள்வி நாலு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள் கழித்து.

பீகாரிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் தம்பிகளுக்கு என் பழைய தமிழ் வகுப்பு எவ்வளவு வீண் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. இப்போது சிலேட்டில் மூன்று வண்ணக் கோடு. 18-க்கு மேல் நீலம், 16-லிருந்து 18 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஆறுகிற தொட்டியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும், துணி இருக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. ட்ரையர் அண்ணன் அவர்களிடம் “காட்டு, காட்டு” என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

பாய்லர் பக்கம் செய்தது சிறியது. நீர்மட்டக் கண்ணாடியை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ‘அவ்வப்போது’ என்ற சொல்தான் ஆபத்து. அதை “உமி போடப் போகும்போதெல்லாம், முதலில் கண்ணாடியை விரலால் காட்டி, மட்டத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் உமி” என்று மாற்றினோம். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வு. விரலால் காட்டி வாயால் சொல்வது ஜப்பான் ரயில்வேயின் பழக்கம். முதலில் கூச்சப்பட்டார்கள். பாய்லர் அண்ணன் உரத்த குரலில் சொல்லத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது.

ஒரு கட்டத்தில் பதிவேட்டில் தவறுகளின் எண்ணிக்கை கூடியது. முதலாளி பயந்துவிட்டார், “பயிற்சி குடுத்தும் தப்பு ஏறுதே?” என்றார். மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராயப்போன ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறு நடப்பது அதிகமில்லை, அதைச் சொல்லப் பயம் இல்லை. இதை முதலாளியிடம் சொல்லி, அதே மாதத்து நொய்க் கணக்கையும் எடுத்து வைத்தேன். நொய் இறங்கியிருந்தது. அவர் இரண்டு தாளையும் நெடுநேரம் பார்த்தார். அடுத்த நாள் காலை ட்ரையர் மேடைக்குப் போய், எத்தனை லோடு என்று கேட்பதற்கு முன், “தட்டு எப்படி இருக்கு?” என்று கேட்டார். இத்தனை ஆண்டில் நான் கொடுத்த எந்தப் பயிற்சியையும்விட அந்த ஒரு கேள்வி அதிகம் செய்தது.

இன்னும் சரிவராத இடம் ஒன்று இருக்கிறது. மூட்டை ஏற்றும் பகுதியில் முதுகு பிடித்துக்கொண்டு லீவு போடுகிறவர்கள் குறையவில்லை. எப்படிக் குனிய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. லாரி வந்து நிற்கும் அந்த மாலை நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று நான் இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த வாரம் குறுவை நெல் வரத் தொடங்கிவிடும். திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலியை அங்கே போடச் சொல்லியிருக்கிறேன்.